ஒரு முற்பகல் இல்லாமற்போனவர்

1

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு முற்பகல் முழுவதும், என் கணவர் இறந்துவிட்டார் என்று எங்கள் குடும்பம் நம்பியது. நான் நம்பினேன். தாணேயில் வேலை பார்க்கும் மகள் மீனா நம்பினாள். பாளையங்கோட்டையில் என் அண்ணன் நம்பி, கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலடிக்குக் கிளம்பினார். மதினி தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்ல, அந்த நாலு வீட்டாரும் தலை முழுகினார்கள். நம்பாதவர் ஒருவர்தான். அவர் அந்த நேரத்தில் கோப்போலி ரயில் நிலையத்துக்கு வெளியே, மழையைப் பார்த்தபடி வடாபாவ் தின்றுகொண்டிருந்தார்.

இதை ஊரில் இருக்கிறவர்களுக்கு விளக்குவது கடினம். பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். மும்பையில் நெடுங்காலம் இருந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. ஓராண்டு ஆகிவிட்டது, இப்போதாவது நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் மாட்டுங்காவில் ஓர் ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இறந்தவர்களின் குடும்பத்தார் பணம் கேட்டு வரும் கவுன்ட்டர் என்னுடையது. இந்த நகரத்தில் ஒருவர் இறந்துபோனால் மராத்தியில் 'ஆஃப் ஜாலே' என்பார்கள். அதுவே பம்பாய் ஹிந்தியில் 'ஆஃப் ஹோ கயே' ஆகும். மின்விசிறி நிற்பதற்கும் மனிதர் நின்றுபோவதற்கும் ஒரே சொல். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தன் கணவர் 'ஆஃப்' என்று சொன்னபோது, லீவில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அப்படியானால் அவரையே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என் கையை அழுத்திப் பிடித்துப் பொருளைச் சொன்னார். அதன்பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சொல்லை அந்த ஒரு பொருளில்தான் கேட்டுவருகிறேன். வேறு பொருள் அதற்கு இருந்ததே எனக்கு மறந்துபோயிற்று.

2

அன்று நான் அரைநாள் விடுப்பில் வீட்டில் இருந்தேன். காஸ் சிலிண்டர் வரவேண்டியிருந்தது. இப்போதெல்லாம் சிலிண்டரை இறக்க வேண்டுமென்றால் ஒரு எண் சொல்லவேண்டும். அந்த எண் யார் பெயரில் இணைப்பு இருக்கிறதோ அவருடைய கைபேசிக்குத்தான் போகும். இணைப்பு என் கணவர் பெயரில். அவரோ ஐரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். காலையில் வழக்கம்போல டிஃபன் டப்பாவோடு கிளம்பிப் போய்விட்டார். எண்ணை என் பெயருக்கு மாற்ற ஏஜென்சிக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாவது முறை, கணவர் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் அவருடைய இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அப்போது சிரித்தேன்.

காஸ்காரர் சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டு நின்றார். எங்கள் கட்டடத்துக்குப் பல ஆண்டுகளாக வருகிறவர், சாத்தாராப் பக்கத்து மராத்திக்காரர். கணவரின் கைபேசியை அழைத்தேன். அணைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. மறுபடியும் அதே குரல். சரி என்று தொழிற்சாலை வாசலில் இருக்கும் போனுக்கு அடித்தேன். காஸ்காரரும் கேட்கட்டும், காத்திருப்பது வீணில்லை என்று தெரியட்டும் என்பதற்காக ஒலிபெருக்கியைப் போட்டேன்.

எடுத்தவர் புது ஆள். ஆறுமுகம் ஸாபோடு பேசவேண்டும் என்று ஹிந்தியில் சொன்னேன்.

"ஸாப்?" என்றது குரல். கொஞ்சம் தயங்கிற்று. "ஸாப் ஆஃப் ஹோ கயா."

எப்போது என்று கேட்டேன். என் வாய் கவுன்ட்டர் வாய். இந்தச் செய்திக்குப் பிறகு நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அதுதான்.

"ஆஜ் சுபே ஸே," என்றது குரல். இன்று காலையிலிருந்து. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தொடர்பு அறுந்துவிட்டது.

'காலையிலிருந்து' என்று யாரும் இறப்பதில்லை. காலையில் இறப்பார்கள். இந்த வேறுபாடு இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை, ஏனென்றால் நான் திரும்பிப் பார்த்தபோது காஸ்காரர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்தத் தொப்பிதான் என்னை நம்பவைத்தது. அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார், சமையலறைக்குள் தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்ப் பொருத்தியும் விட்டார். எண்ணைப்பற்றிப் பேசவில்லை.

மறுபடி அடித்தால் தொழிற்சாலை எண் எங்கேஜ்டாகவே இருந்தது. மீனாவை அழைத்துச் சொன்னேன். அவள், நம்பரைக் கொடு என்று மட்டும் கேட்டாள். பிறகு அண்ணனை அழைத்தேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் அழுதார். அழுது முடித்துவிட்டு, அவர் தலைமுறை ஆண்கள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"கோமு, எங்க வச்சும்மா எடுக்கப் போறிய? ஊருக்குக் கொண்டு வாரியளா?"

"இல்லண்ணே. இங்கதான்," என்றேன்.

யோசிக்கவேயில்லை. கேட்ட மாத்திரத்தில் வந்த பதில் அது.

3

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப்பற்றிச் சொல்லவேண்டும். செம்பூர் வீட்டைச் சொல்லவில்லை. ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீட்டைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பத்தாண்டுகளாக ஒரு வீடு கட்டிவந்தோம். ஓர் ஆண்டு அஸ்திவாரம், ஓர் ஆண்டு சுவர், கூரை போட்டதும் மூன்றாண்டு இடைவெளி. கணவருக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு, தொழிற்சாலையில் அதற்கு ஆஃப் என்று பெயர்; ஷிஃப்டுக்கு ஏற்ப நாள் மாறும் என்பதால் நான் கணக்கு வைத்ததில்லை. பெரும்பாலான ஆஃபுகளில் அவர் ஓவர்டைமுக்குப் போய்விடுவார். அவை ஊரில் செங்கல்லாகவும் ஜன்னல் கம்பியாகவும் மாறின. ஓய்வுபெற்றதும் அங்கே போய்விடுவது என்று முடிவு. யார் எப்போது முடிவு செய்தோம் என்று நினைவில்லை. இங்கே வந்த எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலும் அது பேசாமலே ஆகிவிடும் முடிவு.

அதனால் செம்பூர் வீட்டில் நாங்கள் எதையும் முழுதாகச் செய்ததில்லை. நான் வாங்கிய புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கடியில் கிடந்தன, ஊர் வீட்டில் அலமாரி செய்து அடுக்கலாம் என்று. கல்யாணத்துக்கு வந்த பித்தளை ஃபில்டர் உறையோடு இருந்தது. நல்ல புடவைகள், மெத்தை விரிப்பு, கிங்ஸ் சர்க்கிளில் ஆசைப்பட்டு வாங்கிய பீங்கான் தட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: அங்கே போன பிறகு. மீனா சிறுமியாக இருந்தபோது ஒருமுறை, "அம்மா, நாம இங்க வெயிட்டிங் ரூம்லயா இருக்கோம்?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த மீனாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். கோபம் வந்தால் ஹிந்தி, கணக்குக்கு ஆங்கிலம், பசிக்கு மட்டும் தமிழ் என்று அவள் அப்பா கேலி செய்வார். என் பெட்டிப் புத்தகங்களில் ஒன்றையும் அவள் வாசிக்கப் போவதில்லை என்பது எனக்குள் நெடுநாள் வருத்தம். ஆனால் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அவளுடைய தமிழ்க் காதுதான்.

அவளும் அந்த வாசல் போனைத்தான் விடாமல் அடித்திருக்கிறாள். கிடைத்ததும், எந்த ஆஸ்பத்திரி என்று ஹிந்தியில் கேட்டாள். ஆஸ்பத்திரி இல்லை, ஆஃப், ஆஃப் என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் குரல் உயர்ந்தது. அவர் ரிசீவரை விலக்கிப் பிடித்துத் தனக்குத்தானே முனகினார்:

"இந்தப் புள்ளைக்கு என்னத்தச் சொல்லி வெளங்க வைக்க?"

"அண்ணா, நீங்க தமிழா?" என்று கேட்டாள் மீனா.

அவர் தூத்துக்குடிப் பக்கம். பெயர் இசக்கிமுத்து. நாற்பது தாண்டியவர்; ஊரில் சரக்கு வண்டி ஓட்டிக் கட்டுபடியாகாமல் வந்து, அந்த வாசலில் காவலுக்குச் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. அவருக்குத் தெரிந்த ஹிந்தியில், 'ஆஃப் ஆயிருச்சு' என்பதை அப்படியே 'ஆஃப் ஹோ கயா' என்று மாற்றிச் சொல்லியிருக்கிறார். நானும் அவரும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் தமிழர் என்று தெரியாமல் ஹிந்தியில் பேசிக்கொண்டதில் ஒரு மனிதர் செத்துப்போனார்.

மீனா என்னை அழைத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். "அம்மா, சுன், கேளு. அப்பாவுக்கு இன்னைக்கு லீவு. வீக்லி ஆஃப். அவ்ளோதான்."

அண்ணனை அழைத்தபோது ரயில் கோவில்பட்டியைத் தாண்டியிருந்தது. மதுரையில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஒரு காப்பி குடித்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் போனார். செத்ததாகச் சொல் கிளம்பினால் ஆயுசு கூடும் என்று மதினி சமாதானம் சொன்னாள். தலை முழுகியவர்களுக்கு மட்டும் சின்ன வருத்தம் இருந்ததாகக் கேள்வி.

வேறொரு கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. லீவு என்றால், டிஃபன் டப்பாவோடு அவர் போனது எங்கே?

4

மாலையில் வழக்கமான நேரத்துக்கு வந்தார். குடை சொட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் மீனா, எதிர் வீட்டுக்காரர்கள், விஷயம் அறிய மறுபடி ஏறி வந்திருந்த காஸ்காரர். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"என்ன, யாரு போயிட்டா?"

"நீங்கதான்," என்றேன்.

காஸ்காரர் அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிலிண்டருக்கான எண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

எதிர் வீட்டுக்காரர்களும் போன பிறகு அவர் சொன்னது இது. ஆறு மாதம் முன்பு பாட்டீல் இறந்தார். இருவரும் ஒரே ஷிஃப்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். எங்கள் வீட்டுத் தோசைக்கும் அவர் வீட்டுத் தாலிபீட் ரொட்டிக்கும் தினமும் பண்டமாற்று நடக்கும். பாட்டீலுக்குக் கொங்கணில் மாந்தோப்பு உண்டு. ஓய்வுபெற்றதும் அங்கே போய்விடுவது என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே சரிந்துவிட்டார். எனக்கு இது தெரியும், துக்கத்துக்கும் போய்வந்தேன். அதற்குப் பிறகு என் கணவருக்குள் நடந்ததுதான் தெரியாது.

"பாட்டீலுக்கு வாரா வாரம் ஆஃப் வந்துது கோமு. ஒண்ணுகூட எடுக்கல. கடைசீல எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துக்கிட்டான்," என்றார்.

அதனால் இவர் எடுக்கத் தொடங்கினார். ஓவர்டைமுக்குப் போவதாக என்னிடம் காட்டிக்கொண்டு, வேறு ரயில் ஏறி, ஒவ்வொரு ஆஃபுக்கும் ஒரு ரயில் தடத்தின் கடைசி ஸ்டேஷன்வரை போய்வந்திருக்கிறார். கசாரா, கர்ஜத், விரார், பன்வேல், டகாணு; அன்றைக்குக் கோப்போலி. இத்தனை ஆண்டுகளில் செம்பூருக்கும் ஐரோலிக்கும் நடுவே போய்வந்ததைத் தவிர இந்த ஊரில் எதையும் பார்த்ததில்லை என்பது அவருக்குப் பாட்டீலின் சிதையருகே நின்றபோது தோன்றியதாம். போய் இறங்கி, ஒரு டீ குடித்து, கொண்டுபோன சாப்பாட்டை ஏதாவது பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். கைபேசியை அணைத்துவிடுவார்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, எனக்கு அறியவேண்டியிருந்தது.

"ஓவர்டைம் காசில்லாம வீடு நின்னு போச்சுன்னு ஒனக்குத் தெரிஞ்சா நீ வருத்தப்படுவியோன்னு நெனச்சேன்," என்றார். "ஒனக்காகத்தானே கட்டுதேன்."

உயிரோடு திரும்பிவந்த மனிதரிடம் எதையும் மறுத்துப் பேச அன்று மனம் வரவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை இசக்கிமுத்து வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் பையைக் கீழே வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"ஐயா, என் வாயால ஒங்கள கொன்னுட்டேனே," என்றார்.

கணவர் என்னைப் பார்த்தார். "கொன்னவருக்கு மொதல்ல சோறு போடு. பசியோட நிக்காரு."

அன்று எங்கள் வீட்டில் நல்ல சிரிப்பு. ஆனால் இசக்கிமுத்து போனதும் என் கணவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அண்ணன் அதற்குள் போனில் அவரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியிருந்தார். 'இங்கதான்' என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை உட்பட. பல நாள் அது எங்களுக்கு நடுவே இருந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. செய்தித்தாளை வழக்கத்தைவிட நெடுநேரம் படித்தார். ஊரிலிருந்து கொத்தனார் அழைத்தால் வெளியே போய்ப் பேசினார். எனக்குப் பயமாக இருந்தது. ஒருமுறை திரும்பக் கிடைத்தவரை, உயிரோடு வைத்துக்கொண்டே இழந்துவிடுவேனோ என்று.

ஒரு நாள் காலை, காப்பியை வைத்தபோது கேட்டார்.

"என்னைய எங்க எரிக்கச் சொன்ன?"

"இங்கதான்."

"பத்து வருஷமா ஊர்ல வீடு கட்டுதேன். அங்க இருக்க மாட்டேன்னு நீ ஒருவாட்டி சொன்னதில்லையே, கோமு."

"நானே அன்னைக்குத்தான் கேட்டேன்," என்றேன்.

அது உண்மை. அண்ணன் கேட்ட கேள்விக்கு என் வாயிலிருந்து வந்த பதிலை, அவரைப் போலவே நானும் முதன்முறையாகக் கேட்டேன். அந்த நேரத்தில் நான் ஊரை நினைக்கவில்லை. அவரைத் தூக்கிப்போக யார் வருவார்கள் என்றுதான் மனம் தேடிற்று. வந்து நின்ற முகங்கள் எதிர் வீட்டுக்காரருடையவை, ஷிஃப்ட் ஆட்களுடையவை, தொப்பியைக் கழற்றிய அந்தக் காஸ்காரருடையது. ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் என்று எண்ணினால் அண்ணனும் மதினியும் கொத்தனாரும்தான். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். காப்பி ஆறிப்போயிற்று.

அவர் ஆறிய காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அடுத்த ஆஃபுக்குக் கசாரா போவோம். மழைக்கு நல்லாருக்கும். நீயும் வா," என்றார்.

போனோம். குர்லாவில் ஏறும்போது கூட்டம்; பெண்கள் பெட்டிக்கு ஓடப் பார்த்த என்னைக் கையைப் பிடித்து நிறுத்தித் தன்னோடு ஏற்றிக்கொண்டார். கல்யாணுக்குப் பிறகு உட்கார இடம் கிடைத்தது. மலை வந்தது, மேகம் கதவு வழியாக உள்ளே வந்தது. கசாராவில் இறங்கி, நிலையத்துக்கு வெளியே தகரக்கூரைக் கடையில் டீ குடித்தோம். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில், சொன்னது காதில் விழ இருவரும் நெருங்கி உட்காரவேண்டியிருந்தது.

"எல்லாக் கடைசி ஸ்டேஷனும் பாத்துட்டேன்," என்றார் அவர். "ட்ரெயினுக்குத்தான் அது கடைசி. எறங்கினா அங்கயும் நாலு பேரு காய்கறி வாங்கிக்கிட்டு இருக்காங்க."

திரும்பும் வழியில் ஊர் வீட்டை என்ன செய்வது என்று பேசினோம். ஆசாங்காவ் ஸ்டேஷன் வருவதற்குள் முடிவாகிவிட்டது. பத்தாண்டு இழுத்த விஷயம்.

6

வீடு பூச்சு முடிந்து, பொங்கலுக்குப் பிறகு அண்ணன் மகள் குடிபோனாள். அவள் கணவனுக்குப் பாளையங்கோட்டையில்தான் வேலை. பால் காய்ச்சப் போயிருந்தோம். என் கணவர் ஒவ்வோர் அறையிலும் சுவரைத் தட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். புறப்படும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி விருந்தாளியாத்தான் வருவிய, என்று சொன்னாள். குறையாகத்தான் சொன்னாள். அதில் உண்மையும் இருந்தது.

செம்பூர் வீட்டில் கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அலமாரி போட்டோம். பெட்டிகளைப் பிரித்தபோது சில புத்தகங்களைக் கரையான் அரித்திருந்தது. அரிக்காதவற்றை அடுக்கினேன். மீனா வந்தால் முதுகுப்புறத் தலைப்புகளை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் தப்பாக ஓர் அர்த்தம் சொல்லிச் சிரிக்க வைக்கிறாள். அதற்கு மேல் போகவில்லை. போகாவிட்டால் என்ன என்று இப்போது என்னால் நினைக்க முடிகிறது. பித்தளை ஃபில்டரில் தினமும் காப்பி இறங்குகிறது. பீங்கான் தட்டில் இரண்டு உடைந்துவிட்டன.

அலுவலகத்தில் ஒரு சிறு மாற்றம் செய்துகொண்டேன். தாராவியிலிருந்து வரும் தமிழ்ப் பெண்கள் பலர், என் முன்னால் நின்று தடுமாறும் ஹிந்தியில் தங்கள் இழப்பைச் சொல்வார்கள். நானும் ஹிந்தியில் கேட்பேன். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் வந்தாலும், பெயரைப் பார்த்து, சந்தேகம் இருந்தால்கூட, "எந்த ஊரும்மா?" என்று முதலில் தமிழில் கேட்டுவிடுகிறேன். சிலர் விழிப்பார்கள். சிலர் அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். அதன்பிறகு அவர்கள் தங்கள் கணவரை 'ஆஃப்' என்று சொல்வதில்லை. பெயரைச் சொல்லிச் சொல்கிறார்கள், சாப்பிட்டது எது, கடைசியாகக் கேட்டது எது என்று சொல்கிறார்கள். என் கவுன்ட்டரில் வரிசை நீள்கிறது என்று மேலதிகாரிக்குக் குறை. நீளட்டும்.

கணவர் இந்தச் சித்திரையில் ஓய்வுபெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில், ஒருமுறை ஏற்கெனவே வழியனுப்பிவிட்டோமே என்று ஷிஃப்ட் ஆட்கள் கேலி பேசினார்களாம். மாலை போட்டது இசக்கிமுத்து. நாங்கள் இருவரும் எங்களுக்கு முன்னால் இருக்கும் காலத்தைப்பற்றி இப்போது வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறோம். யார் முந்தினாலும் இங்கேயே, செம்பூரிலேயே. மீந்திருப்பவர் மீனாவுக்குப் பாரமாகாமல் மாதம் ஒரு கடைசி ஸ்டேஷனுக்காவது போய்வர வேண்டும். சொல்வதற்கு எளிதான பேச்சு இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

நேற்று சிலிண்டர் வந்தது. சென்ற ஆண்டைப் போலவே மழை. காஸ்காரர் வாசலில் நின்று எண் கேட்டார். எண் இன்னும் என் கணவர் கைபேசிக்குத்தான் வருகிறது, நான் மாற்றவில்லை. காஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயக்கத்தோடு, "ஸாப்?" என்றார்.

"கர் மே ஹை," என்றேன். வீட்டில்தான் இருக்கிறார்.

உள்ளறையிலிருந்து அவர் எண்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். நான் அவற்றை ஹிந்தியில் திருப்பிச் சொன்னேன்.